சீதாலெட்சுமி ஆழ்சுத்தத்தில் தேறாத வரலாறு

கழிவறை கழுவுவது ஓர் அறிவியல் என்பதை உலகம் கண்டுகொண்ட நாள் மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. இடம், பிரிக்பீல்ட்ஸில் ஓர் இருபத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளப் பெண்கள் கழிவறை. அதற்கு முன்பு இந்தப் பூமியில் சுத்தமாக இருந்த கழிவறைகள் எல்லாம் தற்செயலாகச் சுத்தமாக இருந்தவை என்றே கொள்ள வேண்டும்.

அந்தத் தற்செயல் அக்கட்டடத்தில் பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் சீதாலெட்சுமி. கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது சாலாக் செலாத்தானில் அடுக்குமாடி வாசம், வயது ஐம்பத்து மூன்று.

பழைய துப்புரவு நிறுவனம் குத்தகையை இழந்தது. புதிய நிறுவனம் வந்தது. வந்ததும் ஒரு பிரஷ்கூட வாங்காமல் நேரடியாக உயர்ந்த விஷயத்துக்குப் போனது. ஒன்பது துப்புரவாளர்களையும் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நிற்க வைத்து "மனிதவளச் சந்திப்பு" நடத்தியது. மேலாளர் லோகன் உரையாற்றினார்.

"உங்க பழைய சர்வீஸ் எல்லாம் அப்படியே கண்டினியூ ஆகும். ஆனா ஒண்ணு. டீப் கிளீனிங் டெஸ்ட் வைப்போம். பாஸ் பண்ணணும்."

"பண்ணலன்னா?" என்று கேட்டாள் இராஜம்மா. பத்தாவது மாடிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"பாசிட்டிவா பேசுங்க லா, அக்கா."

சீதாலெட்சுமிக்கும் அதே கேள்விதான். பதினோரு வருடச் சேவைக்கு அவளுக்கு வருடத்தில் பதினாறு நாள் விடுப்பு உண்டு. இந்த வருடம் அதில் ஒரு நாளைக்கூடத் தொடாமல் வைத்திருந்தாள். ஜூன் மாதம் ஜெஞ்சாரோமில் மகள் குமுதாவுக்குத் தலைப்பிரசவம். மருமகன் லோரி ஓட்டுபவர். பாதி நாள் ஜொகூரில் கிடப்பார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சேவைக்காலம் தொடர்ந்தால் பதினாறு நாளும் மகளுக்கு. பாசிட்டிவாகப் பேச வேண்டும் என்பதால் அவள் பேசாமல் இருந்தாள்.

தேர்வுக்குப் பாடத்திட்டம் வேண்டுமே. அதற்காக வரவழைக்கப்பட்டவர் பிரவின். இருபத்தொன்பது வயது, "ஆழ்சுத்த ஆலோசகர்". இந்தத் துறையில் மூன்று சான்றிதழ்கள் பெற்றவர். ஒரு கழிவறையையும் கழுவியதில்லை. ஆகவே கண்ணோட்டத்தில் கறை படியாதவர். அவர் அந்தப் புதன்கிழமை காலில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து கழிவறை வாசலில் நின்றார்.

"ஆன்டி, நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் வீடியோ மட்டும் எடுத்துக்கிறேன்."

சீதாலெட்சுமி செய்தாள். முதலில் சுவரை மேலிருந்து கீழாக நனைத்தாள். டிஷ்யூ தாளை வினிகரில் ஊறவைத்துக் குழாயின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்புக்கறை மேல் ஒட்டினாள். கழிவறைக் கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஆசிட்டைச் சுற்றி ஊற்றினாள். அது ஊறும் நேரத்தில் தரைச் சல்லடையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஓர் எலி அளவுக்கு முடியை உருவிப் போட்டாள். ஓடுகளுக்கு நடுவிலிருந்த கோடுகளைப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். நிமிரும்போது இடுப்பு பிடித்தது. கையை வைத்து அழுத்திக்கொண்டு "அம்மாடி" என்றாள். நடுவில் குமுதா போன் செய்தாள். நான்கு நிமிடம் பேசினாள். கடைசியில் ஒரு பழைய தேர்தல் டீ-சட்டையால் தரையை ஈரம் போகத் துடைத்தாள்.

"பிளீச் போட மாட்டீங்களா ஆன்டி?"

"ஆசிட் ஊத்தின அன்னிக்குத் தொடவே கூடாது தம்பி. ரெண்டும் சேந்தா புகை கிளம்பும். கதவச் சாத்திட்டு நின்னா ஆளு காலி. பழைய கம்பெனில ஒரு பொண்ண ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

"ஓகே, ஓகே, நல்ல இன்புட்," என்றார் பிரவின்.

ஆறு வாரத்தில் "பன்னிரண்டு கட்ட ஆழ்சுத்த முறை" வெளியானது. எண்பது பக்கம், வழவழப்பான தாள், முழுக்க ஆங்கிலம். டிஷ்யூ ஒட்டுவது "நனைந்த இழைப் பொதிமுறை" ஆகியிருந்தது. தேர்தல் டீ-சட்டை "உறிஞ்சு திறன் மிக்க பருத்தி ஊடகம்". ஐந்தாம் கட்டம், "தோரணை மீட்பு": இடக்கையை இடுப்பில் வைத்து ஆறு விநாடி மூச்சை வெளிவிடுதல். ஏழாம் கட்டம், "நான்கு நிமிட அமைதி". குமுதாவின் போன் இல்லாவிட்டால் இந்த அரிய கட்டம் அறிவியலுக்குக் கிடைத்திருக்காது. ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்க்கக் கூடாது என்ற வரி மட்டும் இல்லை. "கூடாது" என்பது எதிர்மறைச் சொல். பயிற்சி நூலின் மனநிலையைக் கெடுக்கும் என்று தலைமையகம் அடித்துவிட்டது.

மே மாதம் தேர்வு. எழுத்துத் தேர்வு கைப்பேசியில், முப்பது கேள்விகள். இராஜம்மா எல்லாவற்றுக்கும் 'சி' அழுத்தினாள். "ஆசிட் எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?" என்ற கேள்வியை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னபோது, சீதாலெட்சுமி "கறையப் பொறுத்தது" என்றாள். அப்படி ஒரு விடை அங்கே இல்லை. அதுதான் சரியான விடை என்பது வேறு விஷயம். தேர்வு என்று வந்துவிட்டால் வேறு விஷயங்களைப் பேசக் கூடாது.

அடுத்து செய்முறை. அதே கழிவறை. பிரவின் கையில் அட்டை, பேனா, நிறுத்துக்கடிகாரம். சீதாலெட்சுமி வேலையை முடித்தாள். தரை பளபளத்தது. பிரவினின் முகம் வாடியது.

"ஆன்டி, ஸ்டெப் ஃபைவ் எங்க?"

"எந்த ஃபைவு?"

"இடுப்புல கை வைக்கவே இல்லையே."

"இன்னிக்கு வலிக்கல தம்பி. கோயோ பிளாஸ்தர் ஒட்டிட்டு வந்தேன்."

"வலி வேற, ப்ரொசீஜர் வேற லா ஆன்டி. ஏழும் மிஸ்ஸிங். நாலு நிமிஷம் சைலண்டா நிக்கணும்."

"அன்னிக்கு என் மக போன் பண்ணினா, அதான் நின்னேன்."

"சரி, இன்னிக்கு?"

"இன்னிக்கு அவ தூங்குறா."

பிரவின் வருத்தத்தோடு ஒரு கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டார். நூற்றுக்கு நாற்பத்திரண்டு. தேற எழுபது வேண்டும். ஒன்பது பேரில் ஒருவரும் தேறவில்லை. தரம் அவ்வளவு உயர்வாக இருந்தது. தேர்வு நடத்திய பிரவினுக்கு மட்டும் "முதன்மைப் பயிற்றுநர்" என்று நான்காவது சான்றிதழ் கிடைத்தது.

ஜூன் இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு லோகன் ஒன்பது கடிதங்களோடு வந்தார். கருணை நிரம்பிய கடிதங்கள்.

"யாரையும் வேலைய விட்டு எடுக்கல. அது எங்க பாலிசியே இல்ல. எல்லாரும் டிரெய்னியா புதுசா சேர்றீங்க. அவ்வளவுதான்."

"என் பதினோரு வருஷம்?" என்றாள் சீதாலெட்சுமி.

"டெஸ்ட்ல காட்டியிருக்கணும் ஆன்டி."

"என் லீவு? பதினெட்டாம் தேதி டேட் குடுத்திருக்காங்க, என் மகளுக்கு."

"டிரெய்னிக்கு மூணு மாசம் லீவு கிடையாது. சட்டத்த நாமளா எழுதினோம்?"

அந்தச் சட்டத்தை அவர்தான் எழுதியிருந்தார். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். சீதாலெட்சுமி ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தைக் கட்டடத்தின் சீனப் பாதுகாவலரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லி, அவர் மலாயில் சொல்லக் கேட்டாள். பிறகு தானும் கையெழுத்துப் போட்டாள். "முன் அனுபவம்" என்ற இடத்தில் ஏற்கனவே தட்டச்சில் "இல்லை" என்று இருந்தது. அந்தச் சிரமத்தைக்கூட அவளுக்கு வைக்கவில்லை.

பத்தரை மணிக்குக் கட்டட உரிமையாளர்கள் அதே தரைத்தள "முன்மாதிரிக் கழிவறை"யைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு இரண்டாவது அறையின் கோப்பை அடைத்துக்கொண்டு பொங்கியது. தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. தண்ணீரோடு வந்தவற்றை விவரிக்கத் தேவையில்லை.

பிரவின் ஓடி வந்தார். "ஆன்டி! சீக்கிரம்! ஏதாச்சும் பண்ணுங்க!"

சீதாலெட்சுமி வாசலுக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் இன்னிக்குத்தானே வேலைக்குச் சேந்தேன், பாஸ்."

"ஆன்டி, ப்ளீஸ் லா."

"லெட்டர்ல போட்டிருக்கு. டிரெய்னி தனியா எதையும் தொடக்கூடாது, பயிற்றுநர் முதல்ல செஞ்சு காட்டணும்னு. நீங்க காட்டுங்க. நான் நல்லா பாத்துக்கிறேன்."

பின்னால் இராஜம்மாவும் மற்ற ஏழு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். இராஜம்மா கைப்பேசியை எடுத்து வீடியோவைத் தட்டினாள். "வழக்கமா எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செய்யுங்க பாஸ்."

பிரவின் எண்பது பக்கத்தையும் புரட்டினார். அடைப்பு என்று ஒரு கட்டம் இல்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி எதுவும் அடைக்கவில்லை. வெள்ளைச் சப்பாத்தின் நுனியில் நின்றபடி லோகனுக்குப் போன் போட்டார். இன்னும் பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன விளையாடுறியா?" என்று லோகன் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. "ஓனருங்க கீழ கார் பார்க்ல லிஃப்டுக்குள்ள ஏறிட்டாங்க! நல்ல அனுபவமுள்ள ஆளா பாத்து உள்ள அனுப்பு!"

பிரவின் வரிசையாக நின்ற ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"அனுபவமுள்ள ஆளு யாருமே இல்ல, பாஸ். காலைல எட்டு மணிக்கு எல்லாரையும் நாமதான் புதுசாக்கிட்டோம்."