பத்லி என்று ஒரு வார்த்தை

கல்கத்தா,
24-11-2004, புதன்

பெருமதிப்புக்குரிய அத்திம்பேருக்கு, பட்டாபிராமன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் பிரஷரும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் வசுமதியும் உடம்பளவில் சௌக்கியம். எங்களோடு தங்கியிருக்கும் தங்கள் புத்திரன் சாய் கிருஷ்ணாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். ஆனால் நான் எழுந்துபோன பிறகுதான் சாப்பிட உட்காருகிறான். காரணம் நான்தான். வேறு யார் வாயாலாவது தங்கள் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுவது மரியாதை என்று எழுதுகிறேன்.

அவன் வேலை பார்க்கும் வெளிநாட்டு உதவி நிறுவனம், இந்த ஊர் மழைத்தண்ணீர் வடிவதற்கு ஒரு பெரிய திட்டத்துக்குக் கைகொடுக்க யோசிக்கிறது. அதற்கு முன்னால் 'ஸ்ட்ராடஜிக் என்விரான்மென்டல் அசெஸ்மென்ட்' என்று ஒன்று செய்தாக வேண்டுமாம். ஒரு கால்வாய் வெட்டினால் என்ன கெடும் என்று பார்ப்பது வேறே, இது வேறே என்றான் சாய். கால்வாயா, பம்ப்பா, ரெண்டும் வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன்னாடியே, எந்த வழியில் போனால் தண்ணிக்கும் மண்ணுக்கும் மனுஷாளுக்கும் என்ன ஆகும்னு யோசிச்சு, அந்த ஜனங்களையும் கூப்பிட்டுக் கேட்கணுமாம். அதற்காக பைபாஸுக்குக் கிழக்கே, மீன் வளர்க்கும் குளங்கள் இருக்கிற பக்கத்தில், ஒரு கிளப் ஹாலில் கூட்டம் போட்டார்கள். பெங்காலியில் மொழிபெயர்க்க வேண்டியவருக்கு மஞ்சள்காமாலை. சாய் இங்கே வந்து ரெண்டு வருஷம்தானே, அவனுக்குப் பாஷை போதாது. "முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், நான் எதுக்கு இருக்கேன்?" என்று நானாகவே போய் விழுந்தேன். "உங்க பெங்காலி கத்திரிக்காய் வாங்கறதுக்குத்தான் சரி" என்றாள் வசுமதி. அப்போதே உட்கார்ந்திருக்கலாம்.

ஆரம்பமே சரியில்லை. எந்தக் கால்வாய் என்று கேட்டார்கள். இன்னும் கால்வாயே இல்லை என்றேன். எப்போ வெட்டப் போறீங்க என்றார்கள். வெட்டுவதாகவே முடிவில்லை என்றேன். அப்புறம் எதுக்கு வந்தீங்க என்றார்கள். ஒரு பெரியவர் எழுந்து வெகு நேரம் ஏதேதோ மீன் பெயராகச் சொன்னார். நம்மாத்து வளர்ப்பு தங்களுக்குத் தெரியும், எனக்கு எந்த மீன் பெயரும் தெரியாது. "மீன் நிறைய இருக்கிறது என்கிறார்" என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாள் "இவ்வளவு நேரம் இதையா சொன்னார்?" என்றாள். "பல விதமான மீன்" என்று சேர்த்துக்கொண்டேன். பிறகு அவள், என்னென்ன ஆல்டர்நேடிவ் பார்க்கலாம் என்று அவர்களையே கேளுங்கள் என்றாள். அதற்கு பெங்காலியில் என்ன என்று யோசித்தேன், வரவில்லை. மாற்று என்றால் ஆபீஸில் எனக்குத் தெரிந்த மாற்றல் ஒன்றுதான், டிரான்ஸ்பர். அதை இங்கே பத்லி என்பார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நல்ல கணீரென்று, "உங்களுக்கெல்லாம் எங்கே பத்லி வேண்டும், தயங்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு அம்மாள், "எங்களையெல்லாம் இங்கேருந்து கூட்டிண்டு போயிடுவீங்களா?" என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேன் ஏற்பாடாகியிருந்தது. அதைக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமாம், ஒருத்தர் விடாமல், இன்றைக்கே" என்றேன்.

எல்லாரும் எழுந்து வெளியே போய், எங்களை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டார்கள், அத்திம்பேர். மத்தியானம் பூரா உள்ளேயே இருந்தோம். கடைசியில் யாரோ ஒரு ஸ்கூல் டீச்சரம்மாவை அழைத்து வந்தார்கள். சாய் ஜன்னல் வழியாக அவளிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லி, அவள் எல்லாருக்கும் சொல்லி, கதவு திறந்தது. வாசலில் நின்று ஒவ்வொருத்தரிடமும் அவன் கை கூப்பினான். "உங்களை எங்கேயும் அனுப்பற பேச்சே கிடையாது, அது மாமா செய்த தப்பு" என்று டீச்சரம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னான். பக்கத்தில் நான் மைக்கோடு நின்றேன். அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. காரில் வரும்போது அவன் பேசினது ஒரே வார்த்தை: "கண்ணாடியை ஏத்திக்கோங்கோ மாமா, தூசி." திட்டியிருந்தால் தேவலை. ஜனவரியில் அவனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது. இப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தாங்கள் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைக்கு நான் செய்த உபகாரம் இது. கண்ணாடியில் ஷேவிங் செய்துகொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

தங்களையும் அக்காவையும் சேவித்து, தாங்கள் என்ன வைதாலும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளும்,
பட்டாபிராமன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சாய் ஆபீஸிலிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். இன்று மீட்டிங்கில் பெரிய அதிகாரி வாய்விட்டுச் சொன்னாராம்: அவர்கள் மனசில் இருக்கிற வழிகளில் ஒன்று, அந்தக் குளக்கரை ஜனங்களை வேறு இடத்துக்கு அனுப்புவதுதானாம். இவனுக்கே இன்றுதான் தெரியுமாம். "நீங்க சரியாத்தான் கேட்டிருக்கேள், மாமா. பொய் சொன்னது நான்" என்றான். இப்போது அவன்தான் தலை நிமிர மாட்டேன் என்கிறான். நாளைக் காலை அங்கே போய் உண்மையைச் சொல்லப் போகிறானாம், வேலை போனால் போகட்டுமாம். நானும் கூடப் போகிறேன். தடுத்து எழுத வேண்டாம். தங்கள் பதில் வருவதற்குள் போய்விட்டு வந்திருப்போம்.