வெள்ளித் திட்டமும் தங்கத் திட்டமும்

உரிம அலுவலகத்துத் தலைமை எழுத்தர், எந்தப் பொருளையும் வாங்கும்போதே அது கெட்டுப்போகும் நாளை நினைத்துக் கவலைப்படுகிறவர். குடை வாங்கினால் ஓட்டையைத் தேடுவார். செருப்பு வாங்கினால் வார் அறுந்தால் யார் பொறுப்பு என்று விசாரிப்பார். எனவே, கேக் செய்து விற்கும் மனைவிக்காகப் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கியபோது, கூடவே 'நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் - வெள்ளி' என்பதையும் வாங்கினார். கம்பெனியின் வாரண்டி முடிந்த மறுநாளே இந்தத் திட்டம் அமலுக்கு வந்துவிடும்.

"இனிமே இது கெட்டா நமக்கென்ன? அவங்க பாடு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஃப்ரிட்ஜும் சட்டதிட்டம் தெரிந்த ஃப்ரிட்ஜ்தான். கம்பெனி வாரண்டி இருந்தவரை ஒழுங்காக வேலை பார்த்தது. அது முடிந்த வாரமே குளிர்வதை நிறுத்திக்கொண்டது. கல்யாண கேக்குக்காக வைத்திருந்த க்ரீம் அத்தனையும் தண்ணீராகிவிட்டது.

"நாளைக்குக் காலையில கேக் போகணுங்க! ஏதாவது பண்ணுங்க," என்று மனைவி கையைப் பிசைந்தாள்.

தலைமை எழுத்தர் சிரித்துக்கொண்டே சேவை மையத்துக்கு போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் தேனொழுகப் பேசினாள்.

"ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள லைட் எரியுதுங்களா சார்?"

"எரியுது."

"அப்போ ஃப்ரிட்ஜ் நல்லா இருக்குங்க சார்."

"குளிரலையேம்மா!"

"குளிர்ங்கறது ஃப்ரிட்ஜோட பாகம் இல்லைங்க சார், அதனால கிடைக்கற பலன். நம்ம திட்டத்துல பாகங்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு."

தலைமை எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். கோபத்தால் அல்ல, மரியாதையால். இத்தனை வருடமாக மனுக்களைத் திருப்பி அனுப்புகிறோம், இப்படி ஒரு வாக்கியம் நமக்குத் தோன்றவில்லையே!

ரொம்பவும் கெஞ்சிய பிறகு, கழுத்தில் அட்டை தொங்க ஓர் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"கம்ப்ரஸர் போச்சு சார். ஆனா இது இப்ப வந்த கோளாறு இல்ல. கம்பெனி வாரண்டி இருக்கும்போதே உள்ளுக்குள்ள பிறந்திருக்கு. எங்க காலத்துல பிறந்த கோளாறுக்குத்தான் நாங்க பொறுப்பு."

"அப்போ கம்பெனியைக் கேக்கவா?"

"தாராளமா கேளுங்க. ஆனா புகார் அவங்க காலத்துலயே வந்திருக்கணும்னு சொல்லுவாங்க."

"வெளிய தெரியாத கோளாறுக்கு எப்படிய்யா புகார் குடுக்கறது?"

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்கறாங்க."

"அப்போ உங்க திட்டம் எதுக்குத்தான்யா?"

"நல்லா ஓடற ஃப்ரிட்ஜுக்கு முழுப் பாதுகாப்பு இருக்குங்க சார். முதல்ல இதை ரிப்பேர் பண்ணி ஓட விடுங்க. அப்புறம் நாங்க இருக்கோம்," என்ற ஆய்வாளர், போகும்போது, "சேவைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுடுங்க," என்றும் கேட்டுக்கொண்டார்.

மனைவி பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் கேட்டு, கேக்கை ஒருவழியாக ஒப்பேற்றினாள். திரும்பி வந்து, "திட்டம் வாங்கின காசுக்கு ஐஸ்கட்டி வாங்கியிருந்தா அதாவது குளிர்ந்திருக்கும்," என்றாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்ட நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜ் வாங்கிய கடைக்குப் போனார். நட்டநடுவில் நின்று, க்ரீம் உருகியதிலிருந்து அஞ்சு நட்சத்திரம் வரை ஒன்று விடாமல் கத்தித் தீர்த்தார். கடையே திரண்டு வந்து கேட்டது. விற்பனையாளரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சார் சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. பாவம், அவர் எடுத்தது வெள்ளி. தங்கம் எடுத்திருந்தா இப்படித் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல."

கூட்டம் தலைமை எழுத்தரை இரக்கத்தோடு பார்த்தது. அடுத்த நொடி தங்கத் திட்ட கவுண்டரில் தள்ளுமுள்ளு. பல்பு வாங்க வந்தவர்கூட, "பல்புக்குத் தங்கம் உண்டா?" என்று கேட்டார்.

கடை மேலாளர் தலைமை எழுத்தரை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்.

"விளம்பரத்துக்கு எவ்வளவோ கொட்டறோம் சார். உங்க குரல்ல இருக்கற வேதனை அதுல வரல. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து இதே மாதிரி கத்திட்டுப் போங்க. உங்க ஃப்ரிட்ஜை நான் பாத்துக்கறேன்."

"நான் அரசு ஊழியன். இது தப்பில்லையா?"

"'நுகர்வோர் விழிப்புணர்வு'ன்னு வெச்சுக்கலாம் சார்."

பெயர் கௌரவமாக இருந்ததால் அவர் ஒப்புக்கொண்டார். மறுநாளே புதுக் கம்ப்ரஸர் வந்தது. "உங்க சத்தத்துக்கு நடுங்கிட்டாங்க போல," என்று மனைவி பூரித்துப்போனாள். அவர் மறுக்கவில்லை. அதன்பின் ஞாயிறு தோறும் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சில மாதம் கழித்து, மனைவி தானே போய் வேறொரு கடையில் கேக் அடுப்பு வாங்கிவந்தாள்.

"திட்டம் ஏதும் எடுக்கலையே?" என்றார் அவர் அவசரமாக.

"எடுக்கக் கூடாதுன்னுதாங்க போனேன். அங்க ஒரு மனுஷன் வாஷிங் மெஷின் கெட்டுப்போச்சுன்னு கத்தினாரு பாருங்க, அப்படியே கலங்கிட்டேன். தங்கம்தான் எடுத்திருந்தாராம், பாவம். அதான் நான் உஷாரா வைரத் திட்டம் எடுத்துட்டேன்."

தலைமை எழுத்தர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"அந்தாளு கத்தும்போது, கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"தாரை தாரையா வந்துச்சுங்க."

"ம்," என்றார் அவர். "எனக்கு இன்னும் அது வரமாட்டேங்குது."