அக்தரி பேகத்தின் நோன்பை முறித்த சங்கு

மதிப்புக்குரிய அண்ணன் நிசார் அஹமது அவர்களுக்கு,

மேல்விஷாரத்திலிருந்து தங்கை ஹபீபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் தஸ்னீமும் நலம். பெரியமேட்டில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணியின் முட்டிவலிக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெய் தேய்ப்பதற்கு, குடிப்பதற்கு இல்லை என்று சொல்லவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் சரிண்ணா சரிண்ணா என்கிறேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்பதே தெரிகிறது. வெள்ளிக்கிழமை வேன் கொண்டுவந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றீர்களே, அதற்கும் அப்படித்தான் சரி சொல்லிவிட்டேன். அஞ்சாவது படித்தவள் எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

உங்கள் மச்சான் இறந்து நான் இத்தாவில் இருக்கிறேன், நாலு மாசம் பத்து நாள் வாசல்படி தாண்டக்கூடாது, இதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணா. அப்படி இருக்க உங்கள் தங்கை தெருத்தெருவாகச் சுற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டு அக்தரி பேகம் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சுற்றினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தஸ்னீம் பாலிடெக்னிக்கில் கூடப் படிக்கிற பெண்ணிடமிருந்து ஒரு கேம் சிடி வாங்கி வந்தாள். அதில் முதலில் வெறும் பொட்டல்தான். நாமே கல் அடுக்கி வீடு கட்டி, தெரு போட்டு, விளக்கு நட்டு ஊர் ஆக்க வேண்டும். அம்பு போட்ட பட்டனை அழுத்தினால் பொம்மை நடக்கும், அது எனக்குப் பதிலாக நடக்கிறது. அந்த ஊரில் ஆம்பிளை ஒருத்தர்கூட இல்லை, ஆடுகள்தான். நல்ல ஆடு, உண்ணி கடித்த தழும்பு ஒன்றுகூடத் தோலில் இல்லை. அந்த மாதிரித் தோல் உங்கள் மச்சான் வேலை பார்த்த டேனரிக்கு வந்திருந்தால் முதலாளி நின்று சலாம் வைத்திருப்பார்.

அந்த ஊருக்குச் சூரியனும் உண்டு. உதிக்கும், உச்சிக்கு வரும், சாயும். நான் அரிசி களைந்து உலையில் போட்டு வடிப்பதற்குள் அங்கே ஒரு நாள் முடிந்துவிடும். தஸ்னீம் ஒருநாள் விளையாட்டாக, "இந்த ஊர்க் கணக்குப்படி உங்க இத்தா எப்பவோ முடிஞ்சிட்டுதும்மா" என்றாள். வாயை மூடுடி என்றேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர் போய் எவ்வளவோ வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் சாயங்காலம் ஆனால் சைக்கிள் சத்தத்துக்குக் காது போகிறது.

பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு விளக்காகப் போய் நான்தான் போட வேண்டும், விடிந்தால் நான்தான் அணைக்க வேண்டும். டேனரி முற்றத்தில் அவர் செய்த அதே வேலை. நான் கடைசி விளக்குக்குப் போவதற்குள் அங்கே விடிந்துவிடும். இதைப் பார்த்துத்தான் என் மகள் தானாக எரிகிற விளக்கு செய்யக் கிளம்பினாள். அதைச் சொன்னால் நீங்களே அசந்துபோவீர்கள். வீட்டுக்கூரை மேல் தோசைக்கல் மாதிரி ஒரு தகடு வைத்தாள். வெளிச்சம் கம்மியானால் அதற்குத் தெரியும், ஒயரில் கரண்ட் விடும், தெரு முழுக்க விளக்கு எரியும். ஆனால் அங்கே மழை வந்தது பாருங்கள், நடுப்பகலில் தகடு சாயங்காலம் என்று நினைத்துக்கொண்டு எல்லா விளக்கையும் போட்டுவிட்டது. ஏமாறுகிற தகடு வேண்டாம் என்று சொல்லி வேறொன்று செய்தாள். அது எப்படி என்றால், தண்ணி லாரி வந்தால் நாங்கள் வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுவோம் அல்லவா, அதுபோல வரிசையாகச் சுவிட்சுகள். ஒவ்வொன்றும் கரண்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து அடுத்ததற்குத் தரும். கடைசிக் கைக்குக் குடம் வந்தால் இருட்டு என்று அர்த்தம், விளக்கு எரியும். அதிலும் ஒரு பேஜார். நம்ம கம்ப்யூட்டர் பழசு, திணறும்போது குடம் நடுவழியில் நின்றுவிடும், விளக்கு லேட்டாகும், நாளாக ஆக ராத்திரிக்கு எரிய வேண்டியது விடியற்காலையில் எரியும். அவள் சளைக்கவில்லை. காலையில் தகட்டில் வெயில் பட்டதும் குடம் மறுபடி முதல் கையிலிருந்து கிளம்ப வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். அன்றிலிருந்து அந்த ஊரில் ஒரு விளக்கு தப்பவில்லை. இருட்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எரிகிறது. ஏன் முன்னால் என்று கேட்டேன். "அத்தா அப்படித்தானே போடுவாரு" என்றாள். இந்தப் பெண் வீணாகப் பொழுது போக்குகிறாள் என்கிறீர்கள் அண்ணா.

இப்போது சங்கு விஷயம். உங்கள் மச்சான் டேனரியில் விளக்கு போட்டதோடு வேலை நேரத்துக்குச் சங்கும் ஊதினவர். நோன்பு மாசத்தில் பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு அவர் ஊதினால்தான் எங்கள் தெருவே பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும். போன வருஷ நோன்பில் அவர் ஊதும்போது தஸ்னீம் பக்கத்தில் நின்று மொபைலில் அதைப் பிடித்தாள். பிறகு கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்தாள். மொபைல் இந்த மழையில் நனைந்து செத்துப்போனது, இனி அந்தச் சத்தம் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. விளக்கு எரியும்போது அந்த ஊரில் இந்தச் சங்கும் ஊதட்டும் என்று ஒயரோடு சேர்த்து வைத்தாள். சங்கு அடங்கியதும் அவர் மகளிடம் "போதுமா?" என்று கேட்பதும் அதில் விழுந்திருக்கிறது. அதை முதலில் கேட்ட அன்று நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுது முடிந்த நேரம், நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது, வானம் கறுத்து நல்ல மழை. தஸ்னீம் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனாள். அங்கே பொழுது சாய்ந்தது, விளக்கு எரிந்தது, சங்கு ஊதியது. அக்தரி பேகம் சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு உங்கள் மச்சான் ஷபீ பாயின் சங்கு தெரியாதா. கேட்டுப் பழகிய காது, ஆள் இல்லை என்பதை மறந்துவிட்டது. துஆ ஓதி, ஒரு பேரீச்சம்பழம், ரெண்டு வடை, ஒரு கிண்ணம் கஞ்சி முடித்துவிட்டாள். முடித்ததோடு நில்லாமல் எதிர்வீட்டுக்கும் குரல் கொடுத்து அவர்கள் நோன்பையும் திறக்க வைத்துவிட்டாள். அப்புறம் என் மேல் பரிதாபப்பட்டுக் கிண்ணத்தில் கஞ்சியோடு வந்து, "இன்னாடி ஹபீபு, சங்கு ஊதியாச்சு, நீ இன்னும் நோன்பு திறக்காம பெட்டியைப் பாத்துக்கினு கீறே" என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் பொழுது சாய்ந்து மறுபடியும் சங்கு ஊதியது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் எழுத்தில் எழுத முடியாது.

தெரியாமல் திறந்ததற்குப் பாவமில்லை, நோன்பு மாசம் போனபின் ஒரு நோன்பு பதிலுக்கு வைத்தால் போதும் என்று ஆலிம்சா சொல்லி அனுப்பினார். ஆனாலும் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். அவள் கோபமும் நியாயம்தான். மூன்று வடை என்று உங்களிடம் சொன்னாளாம், ரெண்டுதான்.

உங்கள் சொல்லை நான் என்றைக்கும் தட்டியதில்லை. வெள்ளிக்கிழமை வேன் வரட்டும். கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டி வைக்கிறேன். உங்கள் வீட்டில் ஓர் ஓரத்தில் வையுங்கள், யாருக்கும் விற்றுவிட வேண்டாம். அண்ணிக்கு சலாம். பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லவும். அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கை ஹபீபுன்னிசா

பின்குறிப்பு: வேன் வேண்டாம். நான் தபால்பெட்டிக்குப் போக முடியாது, ஆள் கிடைக்காமல் ரெண்டு நாள் கிடந்த கவரைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று முன்தினம் அக்தரி பேகம் வந்தாள், சண்டைக்கு என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். "இன்னொரு தபா ஊதச் சொல்லு" என்றாள். கேட்டுவிட்டு மறுபடியும் ஒரு தடவை போடச் சொன்னாள். பிறகு, "இப்போ டேனரில ஊதறவனுக்கு மூச்சே இல்லடி, இதையே வெச்சிக்கலாம்" என்றாள். தஸ்னீம் நம்ம ஊர் மக்ரிப் நேரத்துக்கென்று தனியாக ஒரு டைமர் செய்துவிட்டாள். அந்த ஊர்ச் சங்கைக் கழற்றிவிட்டாள், அங்கே விளக்கு மட்டும்தான். சமயம் பார்த்துக் கரண்ட் போய்விடுமே என்று அக்தரி பேகம் தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து சுவர் மேலே ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தூக்க வந்தால் வேன் முன்னால் படுப்பாளாம், அவள் எடைக்கு வேன்தான் பாவம். நீங்கள் மட்டும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வாருங்கள், மக்ரிபுக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், தெருவே அதைக் கேட்டுத்தான் நோன்பு திறக்கிறது. சங்கு அடங்கி அவர் "போதுமா?" என்று கேட்டதும் எல்லா வாசலிலிருந்தும் "போதும் பாய்" என்று குரல் வருகிறது. நான் மட்டும் இன்னும் சொல்லவில்லை.