புயல் பாயும் புது வீட்டின் முதல் மழையும்

கடல் பக்கமே போகாமல் புயலுக்குப் பயந்து நடுங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிவகாசியில், எங்கள் தெருவில், என் எதிர் வீட்டில் இருந்தார்.

லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் புயல் பாய். அந்தமானுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு சுழி விழுந்தால் போதும், அது தன் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டது என்றே நம்புவார். பட்டாசு காய வெயில் வேண்டிச் சாமிக்கு நேர்ந்துகொள்கிற ஊர் இது. சீசனில் மழை என்று வாயைத் திறப்பது கல்யாண வீட்டில் தும்முவதைவிடப் பெரிய குற்றம். பாயோ டீக்கடையில் செல்போனில் வானிலைப் படத்தை நீட்டி, "செவப்பாத் தெரியுது பாத்தீகளா, அது நமக்குத்தான்" என்பார். பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். தீவாளி முடியிற வரைக்கும் அந்தப் போனை அமத்தி வைங்க."

நான் காலண்டர் ஆர்டர் பிடித்து அச்சடித்து அனுப்புகிறவன். வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டு, ஒருவழியாக பாய் வீட்டுக்கு எதிரே சொந்த வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பாய் ஒரு பெரிய சுருள் நைலான் கயிறு கொடுத்தார்.

"அண்ணாச்சி, புது வீடு பச்சப்புள்ள மாதிரி. மொத வருசம் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும்."

மறுநாளே சோதனைக்கு வந்துவிட்டார்.

"மெயின் சுவிட்ச் எங்கன இருக்கு? கண்ணை மூடிக்கிட்டுப் போயி அமத்துங்க, பாப்போம்."

நான் கண்ணை மூடிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவில் முட்டிக்கொண்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து நேராக நடந்துவந்து வீட்டையே இருட்டாக்கினாள்.

"தங்கச்சி பாஸு. நீங்க பெயிலு" என்றார் பாய். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சா?"

"பாய், கடல் எம்புட்டுத் தூரத்துல கெடக்கு! புயல் இங்க வரணும்னா பஸ் ஏறித்தான் வரணும்."

"ஏறி வந்துச்சுன்னா?"

கேட்ட கையோடு பாய் வேலையில் இறங்கினார். தண்ணீர்த் தொட்டி மூடி, டிஷ், செருப்பு ஸ்டாண்டு, துளசித் தொட்டி என்று பறக்க வாய்ப்புள்ள எல்லாவற்றையும் கயிற்றால் கட்டினார். வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மையிடம் வந்தபோதுதான் வம்பு.

"காத்தடிச்சா இது பறந்து போயி எவன் மண்டையவாவது ஒடைக்கும் தங்கச்சி. கழட்டிருங்க."

"புது வீடு பாய். ஊர்க்கண்ணு பட்டா நீங்க வந்து நிப்பீகளா?"

கடைசியில் பொம்மை இருக்கட்டும், கட்டுப்பட்டு இருக்கட்டும் என்று சமாதானம் ஆயிற்று. பிடிபட்ட திருடன் மாதிரி நின்ற அதைப் பார்த்து ஊர்க்கண்ணே பாவப்பட்டுத் திரும்பியிருக்கும்.

கார்த்திகையில் நிஜமாகவே ஒரு புயல் தூத்துக்குடிப் பக்கம் கரையேறியது. அச்சகத்தில் இடமில்லாததால் அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர் முழுவதும் என் வீட்டு ஹாலில்தான் கட்டுக் கட்டாக இருந்தது. அது நனைந்தால் புது வருஷத்துக்குள் மறுபடி அச்சடிக்க முடியாது. அப்புறம் ஆர்டர் கொடுத்த கடைக்காரர் என் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

காற்று என்னவோ சீலிங் ஃபேனில் ரெண்டாம் நம்பர் அளவுக்குத்தான் அடித்தது. மழைதான் காலையில் பிடித்தது, மத்தியானமாகியும் விடவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், ஒரே தார்ப்பாய்க்கு அடியில் பாயும் பாயம்மாவும்.

"எங்க வீடு பழசு அண்ணாச்சி, ஒரே ஒழுக்கு. இங்கன செத்த இருந்துக்கிடுறோம்" என்று உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். "மாடிப்படில என்ன அது?"

மேலேயிருந்து தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக் காலண்டர் கட்டுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தளம் போட்டபோது, அது இறுகத் தண்ணீர் கட்டி வைப்பதற்காக, மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் கொத்தனார் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார். எங்கள் ஊரில் மழையே இல்லாததால் அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "காத்துக்கு எல்லாம் பாத்தேனே, இந்தத் தண்ணியப் பாக்கலியே!"

பெண்கள் கட்டுகளைத் தூக்கிக் கட்டில்மேல் அடுக்கினார்கள். பாய் மிச்சமிருந்த நைலான் கயிற்றை இடுப்பில் கட்டி, மறு முனையை என் கையில் கொடுத்தார்.

"காத்துல போயிட்டா இழுத்துக்கிடுங்க."

கைக்குட்டையைத் தூக்கக்கூட வலுவில்லாத காற்று. ஆனாலும் மனிதர் கண்ணை இடுக்கிக்கொண்டு, மொட்டை மாடியில் பாதி தூரம் தவழ்ந்தே போனார். கையை விட்டுத் துழாவிச் சாக்கை உருவினார். மடமடவென்று தண்ணீர் இறங்கிய சந்தோஷத்தில் எழுந்து நின்றவர் வழுக்கி விழுந்தார். பதறிப்போய் நான் இழுத்தேன். சாக்கும் கையுமாக மல்லாந்தபடியே வழுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்து சேர்ந்தார்.

"நான் சொல்லல? கயிறு வேணும்னு!"

ஒரு காலண்டர்கூட நனையவில்லை.

மழை விட்டதும், பாய் வீட்டு ஒழுக்கைத் துடைத்துக் கொடுக்க வாளியும் துணியுமாகக் கிளம்பினாள் என் மனைவி. பாய் எவ்வளவோ தடுத்தார். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஒழுக்கு எங்கன பாயம்மா?"

"அவுகளக் கேளுங்க."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க வீட்டுக்கு மொத மழைல்ல, அண்ணாச்சி. சும்மா வந்து நின்னா சிரிப்பீகளேன்னுதான்..."

பாய் இப்போது மகளோடு நாகப்பட்டினத்தில் இருக்கிறார். கடற்கரையை ஒட்டின தெருவாம். "கடல் எப்படி இருக்கு பாய்?" என்று போனில் கேட்டேன்.

"மூடி இல்லாத தொட்டி அண்ணாச்சி. எங்கனன்னு கட்ட?"

இப்போதெல்லாம் வங்கக்கடலில் சுழி என்றால் டீக்கடையில் செல்போனை நீட்டி ஏச்சு வாங்குகிறவன் நான்தான். அந்தக் கயிறு மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. அது நாகப்பட்டினம் வரைக்கும் எட்டினால், இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.