அரை அங்குலத்தின் ஊமைச் செயின்

அன்று மாலை எங்கள் எஸ்டேட் கேட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தர்மன், தபால் பைக்காகக் காத்திருந்த, ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான், புருஷனுக்காகக் காத்திருந்த பொன்னம்மா அக்கா. இல்லாதவர் அந்தப் புருஷன். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு முள்வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் சுடலாம் என்பது உத்தரவு.

இல்லாதவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுவதையும் சலித்தாலும் அவரைப்போல் பயந்த மனிதர் கிடைக்கமாட்டார். தினமும் கோலா சாவா டவுனுக்குச் சைக்கிளில் போய்த் தபால் எடுத்து வருவது அவர் வேலை. வழி நெடுக ரப்பர் மரம், அதற்குப் பின்னால் காடு, காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள். பக்கத்து எஸ்டேட் கங்காணியை மரத்தில் கட்டிவைத்துச் சுட்டிருந்த சமயம் அது. எங்களுக்கெல்லாம் பயம் வயிற்றில் இருந்தது. அவருக்குச் செயினில் இருந்தது.

"சத்தம் கேட்டாத்தானே தம்பி அவன் வருவான்? செயின் வாயத் தொறக்கக் கூடாது" என்பார்.

அதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவார். பெடலைக் கையால் சுற்றி, செயின் எங்கே அதிகம் விறைக்கிறது என்று தேடுவார். அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்துவார். மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். கூடினால் செயினை மூடிய தகரக் கவரில் அடிக்கும், குறைந்தால் கறகறக்கும். பின்சக்கரத்தை மயிரிழை பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்குவார். இழுக்க இடமில்லாத அளவுக்குச் செயின் நீண்டுவிட்டால் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றிவிடுவார். மணிக்குள் துணி அடைத்திருந்தார். எஸ்டேட்டில் அவருக்குப் பெயரே அரை அங்குலம்தான்.

கோயில் வாசலில் நிற்கும் சைக்கிள்களை எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். ஒருநாள் பெரிய கிராணி ஆபீசை விட்டு வெளியே வந்தபோது அவருடைய சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. "செயின் தொங்குதுங்க ஐயா, பாத்தா மனசு கேக்கல" என்றார் அரை அங்குலம், கை நிறையக் கிரீஸோடு.

அன்று மாலைக்கு வருகிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தர்மன் போன மாதம்வரை ரப்பர்ப் பால்மரம் சீவியவன். கையில் துப்பாக்கி வந்த பிறகு முன்னைவிட அதிகமாகப் பயந்தான். பாதையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று பத்தடி தூரத்தில் ஓர் உருவம்.

தர்மன் சுட்டுவிட்டான்.

குண்டு பட்டு, கேட்டோர மரத்திலிருந்து என் காலடியில் ஒரு பப்பாளி விழுந்தது. உருவமும் விழுந்தது. பொன்னம்மா அக்கா வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

சேற்றிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய் தர்மா, செயின்ல பட்டுடுச்சா பாருடா!"

அப்போதுதான் அக்காவுக்குக் குரல் திரும்பியது. "செயினா? செத்துத் தொலைஞ்சிருப்பீங்களே மனுஷா! நாளைக்கு இது கடகடன்னு அடிச்சுக்கிட்டு வரணும். இல்லேன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க!"

தர்மன் அழுதுகொண்டிருந்தான். "அண்ணே, சத்தம் போட்டு வாங்கலா."

"சத்தம் போட்டா காட்டுல அவன் சுடுவான். போடலேன்னா நீ சுடுவே. நான் எங்கடா போறது?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். யோசனை சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கேட் பக்கம் வந்ததும் மணி அடிங்களேன்."

தர்மன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் கிராணி. மணி எவன் வேணா அடிப்பான். இருட்டுல மணி கேட்டா நான் அதையும் சுட்டுடுவேன்."

மறுநாள் மாலை மூவரும் கேட்டில் நின்றோம். கடைசி வளைவுக்குப் பின்னால் ஸ்பேனர் உரசியது. பிறகு டக்... டக்... டக் என்று கவரில் செயின் அடிக்க அவர் வந்து சேர்ந்தார். காட்டோரம் முழுவதும் செயின் ஆட்டம் அரை அங்குலம். வளைவில் இறங்கி, நட்டைத் தளர்த்தி, பின்சக்கரத்தை முன்னுக்குத் தள்ளி, ஒன்றரை அங்குலம். துப்பாக்கிக்குத் தப்பியவரின் முகம் வெட்கத்தில் கறுத்திருந்தது.

"பெரிய கிராணி பாக்கலியே தம்பி?" என்றார். தொங்கும் செயினைத்தான்.

தினமும் அப்படித்தான் நடந்தது. டக் என்றதும் தர்மன் துப்பாக்கியைத் தாழ்த்துவான். அக்கா உலை வைக்கப் போவார். சத்தம் கொஞ்சம் பிந்தினால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

காலையில் முடுக்கி, மாலையில் தளர்த்தி, பின் அச்சின் மரை ஒருநாள் தேய்ந்து வழுக்கிவிட்டது. சிரம்பானிலிருந்து புது அச்சும் இரண்டு நட்டும் வரவழைத்தோம். அவரைச் சட்டைப்பைக்குள் கைவிட விடாமல் தர்மனும் நானும் பாதிப் பாதி போட்டோம். அத்தனை மாலையும் அரை அங்குலம் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததற்கு எங்களுக்கு ஆன செலவு, இரண்டு வெள்ளி நாற்பது காசு.