பெரட்டு அண்ணன் கைப்பேசிகளுக்குப் பெயர் கூப்பிட்டது

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈப்போவில் கால்வாய் சுத்தம் செய்கிறவர்களிலேயே கைப்பேசிகளை வரிசையில் வைத்துப் பெயர் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். சிலிம் ரிவர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். தோட்டம் போனது, அண்ணன் பெரட்டை விடவில்லை. லாரியில் நாங்கள் எட்டே பேர். தினமும் கூப்பிடுவார். கடைசியில் தன் பெயரையும் கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொள்வார்.

நகரம் 'ஸ்மார்ட் சிட்டி' என்கிற விவேக நகரமானது. தண்ணீர் ஏறினால் தானே தகவல் அனுப்பும் கருவிகளைக் கால்வாய்களில் பொருத்தினார்கள். கருவிக்கு எல்லாம் தெரியும். எங்களுக்குத்தான் பயிற்சி வேண்டுமாம். கைப்பேசியில் பன்னிரண்டு பாடம், பிறகு ஒரு சோதனை. முடிக்காதவருக்குப் புதிய குத்தகையில் கால்வாய் வேலை இல்லை.

மறுநாளே அண்ணன் எட்டுக் கைப்பேசிகளையும் லாரியின் பின்பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கூப்பிட்டார். "படிக்கிறது அப்புறம். மொதல்ல வந்திருக்கான்னு பாக்கணும்லா."

பாடங்களை எப்படியோ முடித்தேன். சோதனை திறக்க மட்டும் முகத்தைக் காட்ட வேண்டும். எனக்கு யார் முன்னாலும் தலை நிமிராது. கேமராவில் என் உச்சந்தலைதான் விழுந்தது. 'முகம் இல்லை' என்று கடைசி நாள் மதியம்வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். "அண்ணே, அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. அப்புறம் நான் ஒன்னும் செய்ய முடியாதுலா."

பெரட்டு அண்ணன் என் கைப்பேசியை வாங்கினார். லாரிப் படியில் ஏறி, அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, லாரியில் தினமும் கூப்பிடும் குரலில் இல்லாமல், பழைய கங்காணிக் குரலில் கூப்பிட்டார். "மாரிமுத்து."

தோட்டத்தை விட்டு முப்பது வருடம். ஆனாலும் முதுகு தானாக நிமிர்ந்தது. "இருக்கேங்க," என்றேன். கைப்பேசி என்னை ஏற்றுக்கொண்டது.

கேள்விகளை எழுத்துக் கூட்டிப் படித்து, தேறி, தலை தூக்கியபோது மணி ஐந்து. "அண்ணே, உங்க சோதனை?"

"இன்னும் தொடலடா. கடைசி ஆளு வராம கங்காணி எங்க போவாரு?"

சோதனை மூடிவிட்டது. சான்றிதழ் இல்லாதவர் கால்வாயில் இறங்கக் கூடாது. லாரிப் படியில் நடந்ததை மேற்பார்வையாளர் மேலே சொல்லியிருப்பார் போல; தலை நிமிராத புது ஆட்களைக் கூப்பிட அண்ணனைப் பயிற்சி அறையில் போட்டார்கள். சோதனையே எழுதாதவர் கழுத்தில் இப்போது 'பயிற்றுநர்' அட்டை தொங்குகிறது.

லாரியில் ஏழு பேர் ஏறுகிறோம். யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. நான் மட்டும் வாய்க்குள் "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு ஏறுகிறேன்.

ஆகஸ்டு மாதம், இரண்டாம் ஞாயிறு.