உங்களிடம் மன்னிப்புக் கேட்டவன் நானல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இதை எழுதுவது நான்தான். கையால் எழுதுவதற்குக் காரணம், போனில் பேசுகிறவன் நான்தானா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் எண்ணிலிருந்து தங்களுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது லிஃப்ட் குலுங்குகிறது என்று சொல்லிப் படியில் இறங்கியதும், "குலுங்குறது லிஃப்ட் இல்ல, உங்க தொப்பை" என்று நான் சொன்னதும், அதிலிருந்து நாம் முகம் கொடுத்துப் பேசாததும் தாங்கள் அறிந்ததே. அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாகவும், மன்னிக்கும்படியும், முட்டி வலி இப்போது தேவலையா என்றும் அந்தச் செய்தியில் இருந்ததாம். தாங்கள் என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக மகள் போனில் சொன்னாள். "மாமா அத படிச்சுட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாருப்பா. இனிமே ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கெடந்து தவிக்க வேண்டாம்" என்று அழுதாள். சந்தோஷ அழுகை. நானோ எதையும் அனுப்பவில்லை. என் போனைக் குடைந்து பார்த்தால் அப்படி ஒரு செய்தியே இல்லை. ஆயுள் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், குலுங்காத லிஃப்டுக்காக மன்னிப்புக் கேட்பானா?

உடனே வங்கிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். இந்தக் காலத்துத் திருடன் பீரோவை உடைப்பதில்லையாம். பெயர், பிறந்த தேதி, போன் எண் என்று நாம் அங்கங்கே சிந்தி வைத்ததைப் பொறுக்கிச் சேர்த்து நாமாகவே ஆகிவிடுகிறானாம், நம் பெயரில் சிம் வாங்குவானாம், கடன் வாங்குவானாம், உறவுக்காரர்களிடம் நைச்சியமாகப் பேசிப் பணம் கேட்பானாம். மன்னிப்புக் கேட்பானா என்று விசாரித்தேன். அப்படி ஒரு கேஸ் இதுவரை வரவில்லை என்றாள். ரகசிய எண்ணை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று அவள் கேட்க, போனையும் கார்டையும் மேசையில் எடுத்து வைத்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எந்த சுவிட்ச் எதற்கு, எந்தச் சாவி எதற்கு என்று எல்லாவற்றிலும் டேப் ஒட்டி எழுதி வைப்பது எங்கள் தொழில் பழக்கம். போனின் முதுகில் அதைத் திறக்கும் எண், கார்டின் முதுகில் அதன் எண், மேலே "ரகசியம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் எல்லா டேப்பையும் உரித்துக் கழிப்பறையில் போட்டேன். ஒரு எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை என்பது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உறைத்தது. கழிப்பறையும் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து பெயரும் போன் எண்ணும் கேட்டார், எதற்கு என்றேன், பில் போட என்றார், கொடுக்க முடியாது என்றேன், போய்விட்டார். பழைய உறைகளில் இருந்த முகவரியையெல்லாம் கத்தரித்தேன், வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினேன், என்னைப் பற்றி யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன், அவர் அப்படி யாருமே இங்கே இல்லை என்று என் மருந்துப் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார். வங்கியில் கேட்கும் அடையாளக் கேள்விகளுக்குத் திருடனால் ஊகிக்க முடியாத பொய்யாகப் பார்த்து விடை கொடுத்திருந்தேன். நேற்று புது ரகசிய எண் வாங்கப் போய் அவர்கள் அதைக் கேட்டபோது, எந்தப் பள்ளியில் படித்ததாகச் சொன்னேன் என்பது மறந்துபோயிற்று. ஒரே ஒரு கேள்வியில்தான் தேறினேன். அந்த விடையை யாரிடமும் சொல்வதாக இல்லை.

சம்பந்தி, எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவனுக்குத் தங்கள் முட்டி வலி வரை தெரிந்திருக்கிறது. நாளை என் பெயரைச் சொல்லித் தங்களிடம் பணம் கறந்து, அந்தப் பழி என் மகள் தலையில் விடிந்தால் அவள் அந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நடப்பாள்? போலீசுக்குப் போகலாம் என்றால், "ஆளு நல்லவனாத்தான் தெரியுறான், விடுங்க" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு விஷயத்தின் தீவிரம் புரியவில்லை.

ஆகையால் அந்த மன்னிப்பை வாபஸ் பெற்றதாகக் கருதவும். என் பெயரில் யார் இனிக்க இனிக்கப் பேசினாலும் நம்ப வேண்டாம். தாங்கள் தணிக்கை அதிகாரியாக இருந்தவர், அடையாளம் கேட்பீர்கள். சிடுசிடுவென்று பேசினால் அது நான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவிடம் நாங்கள் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (அசல்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் மனைவி இதை வாங்கிப் படித்தாள். "போலீசெல்லாம் வேண்டாம். நான்தான் அனுப்புனேன், அனுப்பிட்டு அழிச்சுட்டேன். நம்பரத்தான் முதுகுல ஒட்டி வச்சிருந்தீங்களே" என்றாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். "உங்க மனசுல இல்லாத ஒரு வார்த்தையும் நான் எழுதல" என்றாள். பேனாவை எடுத்தேன். லிஃப்டும் லேசாகக் குலுங்கத்தான் செய்கிறது. ஆகவே மேலே உள்ள அனைத்தையும் ரத்து செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் வைத்துக்கொள்ளவும். அது என்னுடையதுதான். இன்னொன்று. வங்கியில் நான் தேறிய அந்தக் கேள்வி, "உங்கள் நெருங்கிய நண்பர் யார்?" என்பது. உலகத்தில் எந்தத் திருடனுக்கும் தோன்றாது என்று தங்கள் பெயரைக் கொடுத்திருந்தேன். இனி அது பாதுகாப்பில்லை, நாளைக்கே போய் மாற்றுங்கள் என்கிறாள் என் மனைவி.